சபையில் அவள் கேட்டது

மகன்,

நீ போனை ஒழுங்காக எடுத்திருந்தால் இவ்வளவும் எழுத வேண்டி வந்திராது. எடுத்தாலும் "விடுங்கப்பா, அந்தக் கதை வேணாம்" என்று வைத்துவிடுகிறாய். தங்கச்சி அனுப்புவதையெல்லாம் நீ பார்க்கிறாயாம், நீலக் குறி விழுகிறதாம், பதில்தான் இல்லையாம். இருக்கட்டும். பிடிவாதத்தில் நீ என் பிள்ளை என்றால் நான் உன் தகப்பன். கொப்பித் தாளில் எழுதி அவளைக்கொண்டு படம் பிடித்து அனுப்பப்போகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும், பொறுத்து வாசி. நாவற்குடாவில் அன்று நீ எழும்பிப் போன பிறகு தர்சினியின் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாவிட்டால் உன் கலியாணம் கையை விட்டுப் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். தகப்பன் மகனுக்கு நன்றி சொல்லுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லாததால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன்.

நாள் குறிக்கத்தானே போனோம். தர்சினியின் அம்மா பலகாரத் தட்டு வைத்தா, உன் பெரியப்பா நல்ல முறுக்காகப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார், எல்லாம் சிரிப்பும் கதையுமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவளுடைய பெரியமாமா தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது. கலியாணத்துக்கு வெளிநாட்டில இருந்தெல்லாம் சனம் வருது. வீடியோ எடுக்கிற. அந்தக் கொண்டைய மட்டும் வெட்டிப்போட்டு வந்தீங்களெண்டா நல்லம். கோயில் வேற, மண்டபம் வேற, என்ன?" என்றார். உன் பெரியப்பா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். அம்மா தன் கைவிரலைப் பார்த்தா. நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தேன். நீ மட்டும்தான் அவருடைய முகத்தைப் பார்த்தாய். "எங்கப்பாட முடி ஒங்களுக்கு வெக்கமெண்டா, எனக்கு இந்தக் கலியாணமே வேணாம்" என்று சொல்லிப்போட்டு எழும்பினாய். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்புகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

மகன், நான் வாவியில் பாதை ஓட்டுகிறவன். சனத்தையும் சைக்கிளையும் ஆட்டோவையும் அந்த இரும்புத் தட்டுப் படகில் ஏற்றி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கொண்டுபோய் விடுகிறவன். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் கொண்டையைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் இறங்குவார்கள். "அக்கா, கெதியாப் பாதைய எடுங்க" என்று பொடியன்கள் கத்துவார்கள். எனக்கு அது பழகிப்போனது. பழகிப்போனது என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நாலு பெரியவர்கள் இருக்கிற இடத்தில் எனக்காக ஒருவன் எழும்பி நின்றான், அவன் என் பிள்ளை என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துபோகிறது. இந்தப் பிறவியில் எனக்கு இது போதும். அம்மாவிடம் சொன்னேன், "நான் செத்தாலும் பரவாயில்லகா" என்று. "செத்தா ஆர் பாதைய ஓட்டுற? பேசாமச் சோத்தத் தின்னுங்க" என்றா. அவ அப்படித்தான்.

இந்த முடி எப்படி வந்ததென்று உனக்குத் தெரியும். என்றாலும் நீ தர்சினிக்குச் சொல்லியிருக்க மாட்டாய், இனி அவளுக்கும் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். நம்முடைய திரௌபதை அம்மன் கோயில் தீப்பாய்கிற சடங்குக்கு விரதம் பிடித்து, ஐவரையும் கிருஷ்ணரையும் அம்மனையும் ஆண்கள்தான் வேஷம் கட்டிச் சுமக்கிறோம். எனக்கு அம்மனைச் சுமக்கிற பொறுப்பு வந்த முதல் வருஷம் தலையில் பொய்முடி வைத்துக்கொண்டேன். சபைக் கட்டத்தில் துச்சாதனனாக வந்தவர் நம்முடைய தையற்கடைக்காரர். நல்ல மனிதர், ஊசி போடப் போனால் மயங்கி விழுகிறவர். அன்றைக்கு என்ன வேகம் வந்ததோ தெரியாது, எட்டிப் பிடித்து இழுத்தார் பார், முடி முழுக்க அவர் கையோடு போய்விட்டது. நான் மொட்டைத் தலையோடு நிற்கிறேன், அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எலியைப் பிடித்தவர் மாதிரி முழிக்கிறார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சடங்கை நடத்துகிற கட்டாடியார் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அம்மனப் பாத்து நடுச்சபையில சனத்தச் சிரிக்க வெச்சிட்டாயேடா" என்றார். அந்த வார்த்தை எனக்குள் போய் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கத்தரிக்கோலைத் தலைக்குக் கிட்டக் கொண்டுபோனதில்லை.

அம்மாவுக்குத்தான் பெரிய நன்றி சொல்ல வேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்து அவவுடைய வீட்டுக்குப் போய் இருக்கிறேன், மாப்பிள்ளை முடி வளர்க்கிறான். வேறு ஒருத்தி என்றால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இவ தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, "இஞ்ச இரிங்க. பேன் கீன் வந்திச்செண்டா அம்மனுக்குத்தான் கேவலம்" என்று சீப்பை எடுத்தா. சேலை உடுத்தப் பழக்கினதும் அவதான். "கொசுவம் பிடிக்கத் தெரியாத துரோபதைய நான் இண்டைக்குத்தான் கண்ட" என்று ஒவ்வொரு வருஷமும் அதே பகிடி. ஒவ்வொரு வருஷமும் நானும் புதிதாகக் கேட்கிற மாதிரிச் சிரிப்பேன். சண்டைக் காலத்தில் ஒருநாள் சோதனைச் சாவடியில் இந்த முடிக்காக என்னை இறக்கி நிறுத்திவிட்டார்கள். கொண்டை போட்ட தமிழன் என்றால் சந்தேகம்தானே. எனக்குச் சிங்களம் நாலு சொல்தான் வரும். கையைக் கூப்பி, நெருப்பில் நடக்கிற மாதிரியும் சேலை உடுத்துகிற மாதிரியும் காட்டினேன். அந்த ஆமிக்காரப் பொடியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்தினி தெய்யோ?" என்றான். அவர்களுடைய ஊரிலும் ஒரு அம்மன் இருக்கிறா, அவவுக்கும் ஆண்கள் சேலை உடுத்தி ஆடுகிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். எந்த அம்மன் என்று விளக்கம் சொல்லுகிற நிலைமையா அது? ஓம் என்று தலையாட்டினேன். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டான். அவன் எங்கே இருந்தாலும் நல்லாக இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பொருள் இருக்கிறது என்று கட்டாடியார் சொல்லித் தருவார். ஐவர் என்றால் ஐம்புலன், திரௌபதை என்றால் அந்த ஐந்தையும் கட்டி ஆளுகிற மனம், நெருப்பு என்றால் ஆசை. நீயும் சமய பாடத்தில் இப்படி ஏதோ படித்ததாகச் சொல்லியிருக்கிறாய். பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேலையோடு சபை நடுவில் நிற்கிறவனுக்கு ஐம்புலன் ஒன்றும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் ஐந்து உச்சந்தலை. ஐவரும் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், நான் நின்றுகொண்டிருப்பேன். தருமராக இருப்பவருக்கு உச்சியில் வழுக்கை விழுந்ததை அவருடைய பெண்சாதிக்கு முதலே கண்டவன் நான். அந்த ஐந்து தலையையும் பார்த்துப் பார்த்து நானாக விளங்கிக்கொண்ட பொருள் கொஞ்சம் இருக்கிறது. கட்டாடியார் ஏற்றுக்கொள்வாரோ தெரியாது.

சகாதேவனுக்கு நடக்கப்போவதெல்லாம் முன்னமே தெரியும், ஆனால் கேட்டால்தான் சொல்லுவான் என்பார்கள். அவனைப் பெரிய அறிவாளி என்று எல்லாரும் புகழுவார்கள். எனக்கு அவனில் கோபம். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன அறிவு? ஆனால் பார், அந்தப் பெரியமாமா முடிக் கதையை எடுப்பார் என்று பாதையில் ஏறின ஒருவர் எனக்கு முன்னமே காதில் போட்டிருந்தார். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு அவ்வளவு சூடு ஏறியிராது. வீமன் இருக்கிறானே, அவன் சபையில் கத்துவான், கதாயுதத்தைத் தூக்குவான், தொடையைப் பிளப்பேன், இரத்தம் குடிப்பேன் என்று சத்தியம் பண்ணுவான். சனம் கைதட்டும். நானும் அந்த இடத்தில் உடம்பு புல்லரித்து நின்றிருக்கிறேன். ஆனால் அவன் சொன்னதெல்லாம் பிறகு ஒரு காலத்தில் செய்யப்போவது. அந்த நேரத்தில் எழும்பிப்போய் அவளுக்குப் பக்கத்தில் நிற்க அவனுக்குத் தோன்றவில்லை. தருமரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

நீ போன பிறகு அந்த அறையில் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. பெரியமாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தர்சினியின் அம்மா அழத் தொடங்கிவிட்டா. எனக்கு உன் கலியாணம்தான் பெரிது என்று பட்டது. "முடிதானே சம்பந்தி, வெட்டினா வளரும். பொடியன்ட கோவத்தப் பெருசா எடுக்காதீங்க, நான் வெட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். ஓம், சொன்னேன். சொல்லும்போது கை தானாகக் கொண்டைக்குப் போனது, என்றாலும் சொன்னேன். அப்போதுதான் சீலைத் தடுப்பை விலக்கிக்கொண்டு தர்சினி வந்தாள். கையில் தேத்தண்ணித் தட்டம். அதை மெதுவாக மேசையில் வைத்தாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவளுடைய பெரியமாமாவுக்கு முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "பெரியமாமா, போன வருசம் தீப்பாயிற அண்டைக்கு நானும் ஒங்களோடதான் வந்த. இவர் நெருப்புக்குப் போகக்குள்ள நீங்க நிலத்தில விழுந்து இவர்ர காலத் தொட்டுக் கும்பிட்டீங்க. நான் கண்ட. அண்டைக்கு நீங்க கும்பிட்டது அம்மனையா, இவரையா? அம்மனையெண்டா அவ இப்ப எங்க போயிட்டா? இவரையெண்டா இப்ப என்னத்துக்கு வெக்கப்படுறீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மகன், எத்தனை வருஷமாக அந்தச் சேலையை உடுத்துகிறேன். திரௌபதை என்றால் விரித்த கூந்தல், திரௌபதை என்றால் சபதம், திரௌபதை என்றால் நெருப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் திரௌபதை சபையில் முதலில் செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான். தன்னையே தோற்றுவிட்ட ஒருவர் என்னை எப்படிப் பணயம் வைக்கலாம் என்ற கேள்வி. அதை நான் வருஷா வருஷம் பாட்டாகப் பாடியிருக்கிறேன். பாடுகிற நேரம் ராகத்தில்தான் கவனம் இருக்கும், பிசகிவிடுமோ என்ற பயம் இருக்கும். கேள்வி என்றால் என்னவென்று நாவற்குடாவில், வீட்டுச் சட்டையோடு நின்ற ஒரு பிள்ளையின் வாயால்தான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அம்மா என்னை முழங்கையால் இடித்தா.

கதையில் பீஷ்மர் அந்த இடத்தில் தருமம் நுட்பமானது, அது இதென்று இழுத்து நழுவிப் போவார். பெரியமாமா அப்படிச் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கு மறுமொழி தெரியா புள்ள" என்றார். அவ்வளவு சனத்துக்கு முன்னால், அந்த வீட்டுக்கே பெரிய மனிதர், தன் தங்கச்சியின் மகளுக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, நீங்க முடியோடயே வாங்க. மனசில வெச்சிக்காதீங்க. ஆனா எழும்பிப் போன புள்ள கிறுகி வந்து என்னோட ஒரு கதை கதைக்கோணும். அத நான் கேக்கலாம்தானே?" என்றார். கேட்கலாம் என்றேன். நீ அவரை வெறுக்காதே. தெரியாது என்று சொல்லுகிற பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அப்படி ஒருவர் இருக்கிற குடும்பத்துக்கு நீ போகிறாய் என்பதில் எனக்கு நிம்மதி. நம்முடைய பக்கத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். நானும் அப்படித்தான் போனேன். போன இடத்தில் மாமனார் என் கொண்டையைப் பார்த்து மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சடங்குக்கு வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் கட்டிலை எனக்குத் தந்தார். மனிதர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

இப்போது தருமர். அவரை நீதிமான் என்கிறார்கள், இருக்கட்டும். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அவர் தன் கையில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று நினைத்த மனிதர். நாடு, தம்பிமார், பெண்சாதி, எல்லாவற்றையும் தூக்கிச் சூதுப் பலகையில் வைத்தார். கெட்ட எண்ணத்தில் வைத்தாரா? இல்லை. மானத்துக்குத்தான் வைத்தார். மகன், நீயும் என் மானத்துக்காகத்தான் வைத்தாய். "எனக்கு இந்தக் கலியாணமே வேணாம்" என்று நீ தூக்கி வைத்தாயே, அது முழுக்க உன்னுடையதா? பாதி அவளுடையது. நாலு வருஷமாக உன்னையே நினைத்துக்கொண்டு, வந்த சம்பந்தமெல்லாவற்றையும் தட்டிவிட்டு இருந்த பிள்ளையுடையது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டத்தோடு நின்ற அவளை நீ கேட்டாயா? நன்றி சொல்லத் தொடங்கிய வாயால் இதையும் சொல்ல வேண்டி வருகிறதே என்று மனம் கஷ்டப்படுகிறது. ஆனால் உன்னை நான் பெருமையாக நினைக்கிறபடியால்தான் சொல்லுகிறேன். எனக்குப் பக்கத்தில் எழும்பி நிற்க அம்மா இருக்கிறா, தங்கச்சி இருக்கிறாள், தையற்கடைக்காரர்கூட இருக்கிறார். அந்த வீட்டில், அந்த நேரத்தில், அவளுக்கு நீ மட்டும்தான் இருந்தாய். நீயோ வாசல் படலையைத் தாண்டிவிட்டாய்.

நீ ஏன் தர்சினியின் போனை எடுக்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. அவள் அழுவாள், அல்லது ஏசுவாள், இரண்டில் ஒன்று என்று நினைக்கிறாய். வெட்கமும் இருக்கும். நாங்கள் புறப்படும்போது அவள் படலை வரைக்கும் வந்தாள். அழவுமில்லை, ஏசவுமில்லை. அம்மா ஆட்டோவில் ஏறுகிற நேரமாகப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை, சொல்லாதீர்கள் என்றும் கேட்கவில்லை. நானே யோசித்து யோசித்து, தகப்பன் என்ற முறையில் உனக்குத் தரக்கூடியது இதுதான் என்று முடிவுக்கு வந்து எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் தங்கச்சிக்குப் பதில் போடாதே, எனக்கும் போடாதே. வாற பஸ்ஸில் ஏறி நேரே நாவற்குடாவில் இறங்கு.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அவர் எழும்பினது சரிதான். போகக்குள்ள என்னயும் வாவெண்டு கூப்பிட்டிருக்கலாம். நான் போயிருப்பன்."

அப்பா